மலையகத்துச் சாரதி அனுமதிப்பத்திரம் எல்லை கடக்கும்போது

இலங்கையில் பெறும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மாகாண எல்லை கிடையாது. நுவரெலியாவில் பெற்ற அட்டையோடு பதுளையிலும் இரத்தினபுரியிலும் யாழ்ப்பாணத்திலும் வாகனம் ஓட்டலாம். வீடு மாறினால் முகவரியைத் திருத்திக்கொள்ளலாமே தவிர, மத்திய மாகாணத்து லைசன்ஸை ஊவா மாகாணத்து லைசன்ஸாக மாற்றுவது என்றொரு வேலையே இங்கு இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒன்றே நாடு முழுவதற்கும் அனுமதி வழங்குகிறது. மாகாணத்துக்கு உரியது வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரம். அதை ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்கிறோம். பழைய இலக்கத் தகடுகளில் மாகாண எழுத்துகள் இருந்தமையால், ஓட்டுபவரின் அனுமதியும் மாகாணத்தோடு கட்டுண்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வாகனத்தைப் பற்றிய அடையாளம், சாரதியைப் பற்றியதல்ல.

இந்த எளிமைக்குப் பழகிவிட்ட நாம், மாநிலங்களாகப் பிரிந்து ஆளப்படும் நாடுகளுக்குப் போகும்போது தடுமாறுகிறோம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் லைசன்ஸைத் தானே வழங்குகிறது. கனடாவில் மாகாணங்களும் அவுஸ்திரேலியாவில் மாநிலங்களும் அவ்வாறே செய்கின்றன. இந்தியாவில் வழங்குவது மாநில அலுவலகம், செல்லுபடியாவது நாடு முழுவதும். வளைகுடாவில் நாட்டுக்கு நாடு விதி வேறு. ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ புறப்படும் ஒருவர் இவை ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும், அதற்காக மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே எவற்றைச் சீர்செய்துகொள்ள வேண்டும் என்பதை இங்கு எழுதுகிறேன். இந்த இரண்டாவது பகுதியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால் நம்மவர்கள் வெளிநாட்டு அலுவலகக் கருமபீடங்களில் திரும்பி அனுப்பப்படுவது, வண்டியோட்டத் தெரியாததால் அல்ல. கையிலிருக்கும் நான்கு பத்திரங்கள் நான்கு வெவ்வேறு ஆட்களைப் பற்றிப் பேசுவதால்.

முதலில், ஒன்றோடொன்று கலந்து பேசப்படும் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டுக்கு விருந்தாளியாகவோ சுற்றுலாப் பயணியாகவோ சென்று சில வாரங்கள் வாகனம் ஓட்டுவது முதல் நிலை. அந்த நாட்டில் குடியேறி, அங்குள்ள அனுமதியைப் பெறுவது இரண்டாவது. குடியேறிய நாட்டுக்குள்ளேயே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வீடு மாற்றும்போது அந்த அனுமதியை மாற்றிக்கொள்வது மூன்றாவது. இவற்றில் மூன்றாவதே மிக எளிது. இரண்டாவதே மிகக் கடினம். ஆனால் ஒன்றுக்குரிய விதியை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பதால், "கனடாவில் எழுத்துச் சோதனையே இல்லையாம், அட்டையைக் கொடுத்தால் அட்டை தருவார்களாம்" என்பது போன்ற செய்திகள் லயத்துக்கு லயம் பரவுகின்றன. ஒன்டாரியோவிலிருந்து அல்பேர்ட்டாவுக்கு மாறிய ஒருவர் சொன்னது உண்மைதான். கொட்டகலையிலிருந்து நேரே போகிறவருக்கு அது பொருந்தாது.

முதல் நிலைக்குரிய ஆவணம் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம். இதை நம் நாட்டில் இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் கொழும்பில் வழங்குகிறது. 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இலங்கை 1957இல் இணைந்தது. அந்த உடன்படிக்கையின்படி வழங்கப்படும் இந்தச் சிறு புத்தகம், வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு மட்டுமே செல்லும். பெயரில் அனுமதிப்பத்திரம் என்று இருந்தாலும், உள்ளபடி அது உங்கள் இலங்கை அட்டையின் பன்மொழி மொழிபெயர்ப்பு. அட்டை இல்லாமல் அதற்கு மதிப்பில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். இணையத்தில் பத்தாண்டுக்குச் செல்லும் "சர்வதேச லைசன்ஸ்" என்று விற்கப்படும் பிளாஸ்டிக் அட்டைகள் இந்த உடன்படிக்கைக்குள் அடங்காதவை. அவற்றைக் காட்டினால் பொலிஸார் பறிக்காவிட்டாலும், விபத்து நடந்த பின் காப்புறுதி நிறுவனம் கட்டாயம் கேள்வி எழுப்பும்.

மலையை விட்டு இறங்குமுன்

பெயரிலிருந்து தொடங்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னாலும் நம் பெயர் பின்னாலும் வரும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும், பிள்ளையின் பெயர் தனியே இருக்கும். தேசிய அடையாள அட்டையில் இரண்டும் சேர்ந்து முழுப் பெயராகியிருக்கும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் தகப்பன் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கலாம். கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர், எது இடப்பட்ட பெயர் என்பதை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவரே தீர்மானித்திருப்பார். இதற்கு மேல், ஆங்கில எழுத்துகளின் பிரச்சினை: சுப்பிரமணியம், இலட்சுமணன், விக்னேஸ்வரன் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் அலுவலகம் ஒரு எழுத்தைக் கூட்டும், இன்னொன்று குறைக்கும். தோட்டத்துப் பிறப்புப் பதிவுகளில், சொல்லக் கேட்டு எழுதியவரின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்ட பெயர்களோடு வாழ்நாள் முழுவதும் நடமாடும் முதியவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. உள்ளூரில் இது ஒரு சிரிப்புக் கதை. வெளிநாட்டு அலுவலகத்தில், கடவுச்சீட்டிலுள்ள எழுத்தும் லைசன்ஸிலுள்ள எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால், அது வேறொருவரின் லைசன்ஸ்.

கடவுச்சீட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைச் சரிப்படுத்துவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. ஏனென்றால் விசாவும் வதிவிட அனுமதியும் வேலை ஒப்பந்தமும் அதிலுள்ள பெயரிலேயே வரும். லைசன்ஸைப் புதுப்பிக்கும்போதே பெயரையும் திருத்திக்கொண்டால் இரண்டு வேலை ஒரே பயணத்தில் முடிந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் தேவைப்பட்டால் அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், பயணத் திகதி குறித்த பிறகு அதைத் தொடங்குவதில் பயனில்லை. "இந்த இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கும் சத்தியக் கடதாசி இங்கு பல இடங்களில் ஏற்கப்படுகிறது. வெளிநாட்டில் அதை ஏற்பதா இல்லையா என்பது எதிரே அமர்ந்திருக்கும் அலுவலரைப் பொறுத்தது. ஆகவே அதைக் கடைசித் துணையாக மட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். பழைய எண்ணில் பிறந்த ஆண்டின் முன்னே 19ஐச் சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின்னே ஒரு பூச்சியத்தைப் போட்டு, இறுதி எழுத்தை நீக்கினால் புதிய எண் வந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டு அலுவலருக்கு அவை இரண்டு வேறு எண்கள். லைசன்ஸில் பழைய எண்ணும் கடவுச்சீட்டில் புதிய எண்ணும் இருப்பவர்கள் புதுப்பிக்கும்போது இதையும் ஒன்றாக்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது திகதிகள். இலகுரக வாகனங்களுக்கான நம் அட்டை 8 ஆண்டுகளும் கனரக வாகனங்களுக்கானது 4 ஆண்டுகளும் செல்லும். புதுப்பிக்கும்போது புதிய வழங்கல் திகதி அட்டையில் ஏறுகிறது. பத்தாண்டு அனுபவமுள்ள சாரதி, பயணத்துக்கு முதல் மாதம் புதுப்பித்த அட்டையை அப்படியே நீட்டினால், ஒரு மாதத்துப் புதியவராகத் தெரியக்கூடும். வகுப்பு வாரியாக முதலில் அனுமதி கிடைத்த திகதியை அட்டையின் பின்புறத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையின் இரு பக்கங்களையும் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துவிட்டே அதை ஒப்படையுங்கள். இதைவிட வலுவானது, உங்கள் அனுமதி உண்மையானது, எந்தத் திகதியிலிருந்து எந்தெந்த வகுப்புகளுக்கு நடைமுறையில் உள்ளது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தரும் உறுதிப்படுத்தல் கடிதம். கனடாவுக்குச் சென்ற என் மைத்துனர் இந்தக் கடிதத்தின் தேவையை அங்கு போன பின்பே அறிந்தார்; அதன் பிறகு அதை இங்கிருந்து எடுத்து அனுப்ப, அதிகாரக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, வேரஹெரவிலுள்ள திணைக்கள அலுவலகத்துக்கு இரண்டு பயணம் என்று அக்கா பட்ட பாட்டை ஒரு காலைப் பொழுதில் முடித்திருக்கலாம். கடிதத்தையும் தேவையான பிற ஆவணங்களையும் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டியிருந்தால், கொழும்புக்குப் போகாமல் கண்டியிலுள்ள பிராந்திய அலுவலகத்திலேயே செய்யலாம்.

வகுப்பு பற்றி ஒரு கண்டிப்பான சொல். முச்சக்கரவண்டிக்குரிய பி1 வகுப்பு மட்டும் உள்ளவருக்கு வெளிநாட்டில் கார் ஓட்டும் தகுதி எதுவும் வந்துவிடாது. ஆட்டோ ஓட்டிப் பத்தாண்டாயிற்று என்பது உண்மையான அனுபவமாக இருக்கலாம். ஆனால் பத்திரத்தில் பி வகுப்பு இல்லாவிட்டால் அது கணக்கில் வராது. போகும் எண்ணம் உள்ளவர்கள் இங்கேயே பி வகுப்பையும் சேர்த்துக்கொள்வதே சிக்கனமானது. மறுபுறம், தனியார் பஸ்ஸோ கொழுந்து லொறியோ ஓட்டப் பெற்ற கனரக வகுப்பு அநேகமாக எந்த நாட்டுக்கும் நேரடியாக மாறுவதில்லை. அங்கே காருக்குரிய அனுமதியை எடுத்து, மீண்டும் மேலே ஏற வேண்டும். அட்டைக்குப் பதிலாகத் தற்காலிகக் காகித அனுமதி மட்டும் கையிலிருப்பவர்கள், அது இங்கே சட்டப்படி செல்லுபடியானதுதான் என்றாலும், அட்டை வந்து சேரும் வரை பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். அட்டை தபாலில் வருவது என்பதால் முகவரி பற்றியும் கவனம் தேவை: லயன் அறைக்கு இலக்கம் இல்லாத தோட்டங்களில் டிவிஷன், தோட்டம், தபால் நிலையம் மூன்றையும் முழுமையாக எழுதி, தோட்ட அலுவலகத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது நமக்குப் புதிதல்ல.

கூடலூர் உறவுகளும் மூன்று மாநிலங்களும்

1964இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அதன்படி கடல் கடந்தவர்களில் பலர் நீலகிரியில் குடியமர்ந்தார்கள். ஆகவே மலையகத்தில் பல குடும்பங்களுக்குக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் சித்தப்பாவோ அத்தையோ இருக்கிறார்கள். கூடலூரோ தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. அங்கே வீடு, சுல்தான் பத்தேரியில் வேலை, குண்டலுப்பேட்டையில் காய்கறிச் சந்தை என்று ஒரே நாளில் மூன்று மாநிலம் போய்வரும் ஓட்டுநர்கள் சாதாரணம். மாநிலம் மாறுவது என்றால் என்ன என்பதை அவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அச்சட்டத்தின் கீழ் வழங்கப்படும் ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. ஆகவே நீலகிரியில் உரிமம் பெற்ற என் சித்தப்பா மகன் கேரளத்தில் ஓட்டுவதற்கு எந்த மாற்றமும் செய்யத் தேவையில்லை. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, நடைமுறையிலுள்ள ஒரு உரிமத்தை வைத்திருப்பவர் இன்னொன்றை வைத்திருக்கக் கூடாது என்கிறது. பழகுநர் உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதாவது கேரளத்தில் குடியேறிவிட்டால், தமிழ்நாட்டு உரிமம் இருப்பதை மறைத்து அங்கே புதிதாக ஒன்றை எடுப்பது குற்றம். செய்ய வேண்டியது முகவரி மாற்றம் மட்டுமே: போக்குவரத்து அமைச்சகத்தின் "சாரதி" என்ற பெயருள்ள இணையதளத்தில் புதிய மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்து, புதிய வதிவிடச் சான்றோடு அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை நாட வேண்டும். முன்பு உரிமம் வழங்கிய அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வரச் சொல்வது வழக்கமாக இருந்தது. பதிவுகள் கணினியில் ஏறாத பழைய உரிமங்களுக்கு இன்றும் அந்த அலைச்சல் வரலாம். அப்படிப்பட்ட பழைய புத்தக உரிமம் வைத்திருப்பவர்கள், வீடு மாறுவதற்கு முன் பழைய அலுவலகத்திலேயே அதைக் கணினிப் பதிவில் ஏற்றச் செய்துவிட வேண்டும். மாறிய பின் இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும்.

ஓட்டுநர் இப்படி எளிதாக மாநிலம் கடக்கிறார். வாகனம்தான் கடக்க மறுக்கிறது. 47ஆம் பிரிவின்படி ஒரு மாநிலத்தில் பதிந்த வாகனத்தை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்திடம் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், புதிய மாநிலத்தில் வரியும் கட்ட வேண்டும். நம்மூரில் லைசன்ஸையும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் குழப்பிக்கொள்வது போலவே அங்கே இந்த இரண்டு தடையில்லாச் சான்றுகளையும் குழப்பிக்கொண்டு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருமணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ அங்கே போகும் இலங்கையர், அங்குள்ள உறவினரின் காரை ஓட்ட விரும்பினால், இலங்கை அட்டையோடு மேலே சொன்ன சர்வதேச அனுமதியும் கையில் இருக்க வேண்டும். காப்புறுதி உங்களையும் உள்ளடக்குகிறதா என்று உரிமையாளர் கேட்டு வைத்திருக்க வேண்டும். எதிர்த்திசையில், கூடலூரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் தம்பி, இந்திய உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஹட்டன் வீதியில் வண்டியெடுக்க முடியாது. அவர் தம் ஊரிலேயே சர்வதேச அனுமதியை எடுத்து வந்து இங்கே அதற்கு ஏற்பு பெற வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். "நம்ம தம்பிதானே" என்று சாவியைக் கொடுத்துவிடுவது பாசம்தான். ரம்பொடை வளைவில் எதிரே பஸ் வந்தால் வழக்கு உங்கள் பெயரிலும் வரும்.

அனுமதியே மாநிலத்துக்கு உரியதாக உள்ள நாடுகள்

அமெரிக்காவில் நாடு தழுவிய லைசன்ஸ் என்று ஒன்று இல்லை. புதிதாகக் குடியேறும் இலங்கையர், தாம் வாழும் மாநிலத்தில் எழுத்துச் சோதனை, கண் சோதனை, ஓட்டுச் சோதனை மூன்றையும் செய்து முதல் அட்டையைப் பெறவேண்டியிருக்கும். அதற்குப் பிறகு இன்னொரு மாநிலத்துக்கு வீடு மாறினால், பழைய மாநிலத்து அட்டை காலாவதியாகாமல் இருக்கும் வரை, எழுத்துச் சோதனையையும் ஓட்டுச் சோதனையையும் பெரும்பாலான மாநிலங்கள் தவிர்த்துவிடும். கண் சோதனை செய்து, படமெடுத்து, பழைய அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதியதைத் தரும். எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பதுதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: கலிபோர்னியா குடியேறிய 10 நாட்களுக்குள் கேட்கிறது, நியூயோர்க் 30 நாட்கள் தருகிறது, டெக்சாஸ் 90 நாட்கள் வரை பொறுக்கிறது. டெக்சாஸில் வாகனப் பதிவுக்கு மட்டும் 30 நாட்கள்தான். லைசன்ஸுக்குக் கிடைத்த அவகாசம் வண்டிக்கும் உண்டென்று நம்பி அபராதம் கட்டுவோர் உண்டு.

கெடு எப்போது தொடங்குகிறது? விமானம் தரையிறங்கிய நாளில் அல்ல, அந்த மாநிலத்தின் வதிவாளர் ஆன நாளில். வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலை, பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்தது ஆகியன வதிவுக்கு அடையாளங்கள். கல்லூரிப் படிப்புக்காக மட்டும் வேறு மாநிலத்தில் தங்கியிருக்கும் மாணவர் பெரும்பாலும் தம் சொந்த மாநிலத்து அட்டையையே வைத்திருக்கலாம். இதற்குச் சான்றாகக் கேட்கப்படும் மின்கட்டணப் பட்டியலும் வங்கிக் கடிதமும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் மாமா வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு எல்லாப் பட்டியலும் மாமா பெயரில்தான் வரும். ஆகவே போனவுடன் வங்கிக் கணக்கையாவது, கைத்தொலைபேசி இணைப்பையாவது சொந்தப் பெயரில், கடவுச்சீட்டிலுள்ள அதே எழுத்தில் தொடங்கிவிடுவது நல்லது. உள்நாட்டு விமானத்தில் ஏறுவதற்கு ரியல் ஐடி எனப்படும் நடுவண் அரசின் அடையாளத் தரத்துக்கு அமைந்த அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே 7 முதல் நடைமுறையில் இருப்பதால், அந்தத் தரத்திலான அட்டைக்கு விண்ணப்பிப்பவர் பெயர், பிறந்த திகதி, சட்டபூர்வ வதிவு ஆகிய அனைத்தையும் மீண்டும் நிரூபிக்க வேண்டும். மலையில் சரிசெய்யாமல் விட்ட ஓர் ஆங்கில எழுத்து இங்கே வந்து நிற்கும்.

இரண்டு மாநிலத்து அட்டையை ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. பெரும்பாலான மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் அடிப்படை, ஒரு சாரதிக்கு ஒரு லைசன்ஸ், ஒரு பதிவு என்பது. அதோடு, அனுமதி இடைநிறுத்தப்பட்டவர்களின் விவரம் தேசிய சாரதிப் பதிவேட்டில் இருக்கிறது. புதிய மாநிலம் அட்டை வழங்குமுன் அதைப் பார்க்கிறது. பழைய மாநிலத்தில் கட்டாமல் விட்ட அபராதத்தால் அனுமதி இடைநிறுத்தப்பட்டிருந்தால், இரண்டாயிரம் மைல் தள்ளிப் போனாலும் புதியது கிடைக்காது. வீடு மாறுவதற்கு முன் பழைய மாநிலத்துப் பதிவில் நிலுவை எதுவும் இல்லை என்று பார்த்துவிடுங்கள். லொறி ஓட்டும் வணிக அனுமதி வைத்திருப்பவர்களுக்குச் சலுகை இன்னும் குறைவு: நடுவண் விதி அவர்களுக்கு 30 நாட்களே தருகிறது, இரண்டாவது அனுமதியை வைத்திருப்பதையும் அதுவே தடைசெய்கிறது.

கனடாவிலும் அமைப்பு இதுபோன்றதே. மாகாணம் மாறினால் ஒன்டாரியோ 60 நாட்களும், பிரிட்டிஷ் கொலம்பியாவும் அல்பேர்ட்டாவும் 90 நாட்களும் தருகின்றன; பழைய மாகாணத்து அட்டையைக் கொடுத்துப் புதியதை வாங்க வேண்டியதுதான். கடினம் முதல் அட்டையில். இலங்கையோடு ஒன்டாரியோவுக்கு நேரடி மாற்று ஒப்பந்தம் இல்லை. எழுத்துச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். அங்கு படிநிலை முறை இருப்பதால் புதியவர் ஒவ்வொரு படியிலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்னனுபவத்தை நிரூபித்தால் அந்தக் காத்திருப்பு நீங்கும்; இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்தை ஏற்கச் செய்ய, அனுமதி வழங்கிய அதிகாரசபையின் கடிதம் கேட்கப்படுகிறது. மேலே நான் வலியுறுத்திய உறுதிப்படுத்தல் கடிதத்தின் விலை இங்கேதான் தெரியும்.

அவுஸ்திரேலியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் வேறு மாநிலத்திலிருந்து வருபவருக்கு 3 மாதம் தருகின்றன, சோதனையின்றி மாற்றித் தருகின்றன. இலங்கையிலிருந்து நேரே வருபவர் சோதனைகளை எழுதியே ஆக வேண்டும். வீதியின் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது நமக்கு ஆறுதல். அமெரிக்காவிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் வலப்பக்கம். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துப் பழகிய கை, அங்கே சோதனை அலுவலர் பக்கத்தில் இருக்கும்போது கட்டுக்குள் இருக்க வேண்டும்.

வளைகுடாவில் ஹவுஸ் டிரைவர் வேலைக்குப் போகிறவர்களுக்கு

நம் பகுதியிலிருந்து பலர் இந்த வேலைக்குப் போகிறார்கள். இலங்கை அட்டையைக் கொடுத்தால் அந்த நாட்டு அட்டை தானாக வந்துவிடும் என்று முகவர் சொன்னால் நம்ப வேண்டாம். அமீரகத்தில் சோதனையின்றி மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பயிற்சிப் பாடசாலையில் சேர்ந்து சோதனை எழுத வேண்டியிருக்கும். அதற்கான செலவு சிறியதல்ல. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பயிற்சிக் கட்டணத்தை யார் கட்டுவது, சோதனையில் தவறினால் என்ன ஆவது, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இதைக் கேட்காமல் போய், முதல் ஐந்து மாதச் சம்பளத்தைப் பயிற்சிக் கட்டணத்துக்கே கொடுத்தார்.

அமீரகத்தின் ஏழு அமீரகங்களுக்கும் போக்குவரத்துச் சட்டம் பொதுவானது. துபாயில் பெற்ற அனுமதி அபுதாபியிலும் சார்ஜாவிலும் செல்லும். முதலாளி வீடு மாற்றினால் அட்டையை மாற்றத் தேவையில்லை. ஆனால் கட்டாரில் பெற்றதை வைத்துக்கொண்டு குவைத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அது வேறு நாடு. அங்கே குடியிருப்பு அனுமதி கிடைத்த பின், அந்த நாட்டு விதிப்படி புதிதாக மாற்றவோ எடுக்கவோ வேண்டும். பழைய வளைகுடா அட்டை காலாவதியாகுமுன் அதைச் செய்வது நல்லது. செல்லுபடியாகும் அட்டைக்குக் கிடைக்கும் சலுகை, காலாவதியானதற்குக் கிடைப்பதில்லை.

இலங்கை அட்டையை விட்டுவிடாதீர்கள்

ஒரு நாட்டுக்குள் இரண்டு மாநிலத்து அட்டை வைத்திருப்பது தவறு. வெவ்வேறு நாட்டு அட்டைகள் இரண்டு வைத்திருப்பது பெரும்பாலான இடங்களில் தவறல்ல. ஆனால் நீங்கள் வதியும் நாட்டில் அந்த நாட்டு அட்டையைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும். இலங்கை அட்டையைக் காட்டி அங்குள்ள இடைநிறுத்தத்திலிருந்து தப்பப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். அதேபோல், உறவினர் முகவரியைக் கொடுத்து வேறொரு மாநிலத்தில் எளிதாக அட்டை எடுக்கும் யோசனையும் வேண்டாம். காப்புறுதிக் கட்டணம் வாகனம் உண்மையில் நிறுத்தப்படும் இடத்தைப் பொறுத்தது. விபத்துக்குப் பின் முகவரி பொய்யென்று தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம், சத்தியம் செய்து கொடுத்த விண்ணப்பம் பொய்யென்றால் குடிவரவு வழக்கிலும் அது பேசப்படலாம்.

விடுமுறைக்கு ஊர் வரும்போது வெளிநாட்டு அட்டை மட்டும் போதாது; இலங்கை அட்டை செல்லுபடியாக இருந்தால் அதைக் கொண்டே ஓட்டலாம். இலங்கை அட்டையே இல்லாமல் வெளிநாட்டில் முதன்முதலாக லைசன்ஸ் எடுத்தவர்கள், அதைக் காட்டி இங்கே அனுமதி பெறுவதற்குத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டை ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பும் தேவைப்படும். புதுப்பிக்க வேண்டியவர்கள் வைத்தியச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகம் தரும் அந்தச் சான்றிதழ் 6 மாதம் செல்லும். ஒரு மாத விடுமுறையில் வருபவர் முதல் வாரத்திலேயே அதை எடுத்து, அதே வாரத்தில் புதுப்பித்தல் விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டால், அட்டை தோட்டத்துத் தபாலுக்கு வந்து சேர மூன்று வாரமாவது மிஞ்சும். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வருபவர்கள் விடுமுறை நாட்களைக் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போட வேண்டும்.